ஈர மணலோடு காரில் ஏறாதீர்கள்!

கடலோரப் பயணத்தில் ஒவ்வொரு கடற்கரையிலும் இறங்கி ஏறும்போது இந்த மணலோடு பெரும்பாடு! ஈரமான பாதத்தை எவ்வளவு தட்டினாலும் போகாது. துகள்களைத் தோலோடு ஒட்டவைப்பதே அந்த ஈரம்தான். துண்டால் ஒற்றி, பவுடர் தூவி, 2 நிமிடம் விட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அதற்குக்கூடப் பொறுமை இல்லாமல் அப்படியே ஏறிவிடுகிறார்கள். சீட் பெல்ட் பக்கிளுக்குள் மணல் விழுந்தால் சரியாக மாட்டாது. சீட்டுக்கு அடியில் அது முன்பின் நகரும் தடத்தில் விழுந்தால், நகர்த்தும்போதெல்லாம் நறநறவென்று அரைக்கும். அடுத்த நிறுத்தத்தில் மலைப்பாதையில் நடக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் மோசம்: சாக்ஸுக்குள் நாலு துகள் போதும், குதிகாலில் கொப்புளம்.

முன்கண்ணாடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும்போது வைப்பரைப் போடாதீர்கள். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கீறல் விழுந்தால் போகாது.