அழிக்கப்பட்டவர்களையும் சொல்லுங்கள்

1991-இல் பத்தே நாள் போரில் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த ஸ்லோவேனியா, சிக்கலில்லாமல் ஐரோப்பாவோடு சேர்ந்துவிட்டதாக அந்த நாட்டைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. ‘அழிக்கப்பட்டவர்கள்’, அதாவது அரசுப் பதிவேட்டிலிருந்து பெயர் அழிக்கப்பட்டவர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லையே? 1992 பிப்ரவரி 26 அன்று, புதிய நாட்டின் குடியுரிமை பெறாத சுமார் 25,000 பேரை நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நீக்கினார்கள். பெரும்பாலும் போஸ்னியா, செர்பியா, குரோவேஷியா பூர்வீகக்காரர்கள். ஸ்லோவேனியாவிலேயே பிறந்தவர்களும் உண்டு. வேறு வேலையாக அரசு அலுவலகம் போனவர்களின் அடையாள அட்டையை வாங்கி ஓட்டை போட்டார்கள். வேலை, ஓய்வூதியம், மருத்துவ வசதி எல்லாம் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு மாதமே இருந்தபோது, 2004 ஏப்ரல் பொதுவாக்கெடுப்பில் இவர்களின் குடியிருப்பு உரிமையைத் திருப்பித் தரும் சட்டத்தை வாக்களித்தவர்கள் நிராகரித்தார்கள். 2012-இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போதைய ஸ்லோவேனிய அதிபர் போருட் பாஹோர் மன்னிப்புக் கேட்டது 2022-இல்தான். முப்பது வருடம்! கட்டுரையாளர் இதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.