"மாணவர்கள் பயங்கரவாதிகள் அல்ல" என்ற வரி எனக்குப் போதவில்லை

போன கிழமை கம்பஸில் படிக்கும் தம்பி ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு சுவரொட்டியை அனுப்பி, "அண்ணா, பிழை இருந்தா சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தான். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிராக அவர்கள் நடத்தப்போகும் கூட்டத்துக்கான சுவரொட்டி. தமிழிலும் சிங்களத்திலும் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நடுவில் பெரிய எழுத்தில் "மாணவர்கள் பயங்கரவாதிகள் அல்ல" என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை மாற்றினால் நல்லது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். போனில் நான் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவனுக்கும் அவனோடு ஓடித் திரியும் மற்றப் பிள்ளைகளுக்குமாக.

இந்தச் சட்டம் 1979 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். இன்று முதலாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் பலரின் அம்மா அப்பாவை விட இந்தத் தற்காலிகத்துக்கு வயது கூட.

அதில் இரண்டு பிரிவுகளை மட்டுமாவது கம்பஸில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று 9ஆம் பிரிவு. பாதுகாப்பு அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால், குற்றச்சாட்டே இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் அடைத்து வைக்கலாம். பிறகு இன்னொரு மூன்று மாதம், அதற்குப் பிறகு இன்னொரு மூன்று மாதம் என்று 18 மாதம் வரை நீட்டலாம். 2022 மார்ச்சில் ஒரு திருத்தம் கொண்டுவந்து 18ஐ 12 ஆக்கினார்கள். அதைச் சீர்திருத்தம் என்று வெளிநாடுகளுக்குச் சொன்னார்கள். ஒரு வருடம் என்பது கம்பஸ் கணக்கில் இரண்டு செமஸ்டர். எதற்காகப் பிடித்தார்கள் என்று தெரியாமலே இரண்டு செமஸ்டர்.

மற்றது 16ஆம் பிரிவு. என்னைக் கேட்டால் சட்டத்தின் முதுகெலும்பே இதுதான். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எங்கள் நாட்டின் சாதாரண சாட்சியச் சட்டம் ஏற்பதில்லை. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே எழுதி வைத்த பாதுகாப்பு அது. பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்து வைத்தால் போதும், அது சாட்சியம். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அடி வாங்கியவன் தலையில்தான்.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1993இல் பிடிபட்டவர். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதன் கீழே பெருவிரல் அடையாளம் வைக்க வைத்தார்கள். அந்த ஒரு தாளை வைத்து 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. ஆனால் 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட இலங்கையர்களுக்கு வழி திறந்துவிட்ட இணக்கமே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் வைத்த விரலடையாளத்துக்காக ஒரு மனிதனின் வாழ்க்கை போனது.

சரி, கம்பஸுக்கு வருகிறேன்.

2012 நவம்பர் 27, புலிகள் இயக்கத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் மாவீரர் நாள். நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுதியில் விளக்கு ஏற்றியதற்காகப் படையினரும் பொலிஸாரும் உள்ளே வந்தார்கள். அடுத்த நாள் அதைக் கண்டித்துப் போன மாணவர்களுக்குத் தடியடி. அதற்குப் பிறகு நான்கு மாணவர்கள் இந்தச் சட்டத்தில் கைதானார்கள். அவர்களை வெலிக்கந்தையில் "புனர்வாழ்வு" முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, ஆனால் புனர்வாழ்வு. அடுத்த வருடத் தொடக்கத்தில்தான் விட்டார்கள். அந்த நாட்களில் அம்மா ஒவ்வொரு இரவும் போன் எடுத்து, "எங்க நிக்கிறாய், அறைக்குள்ளயா?" என்று மட்டும் கேட்பா. வேறு ஒன்றும் கேட்க மாட்டா. போனில் பேசவே பயம்.

2019இல் திரும்பவும் அதுதான். இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்று நடத்திய ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மே 3ஆம் திகதி கம்பஸில் தேடுதல் நடந்தது. புலிகளின் தலைவருடையதும் உண்ணாவிரதம் இருந்து இறந்த திலீபனுடையதுமான படங்கள் கிடைத்தன என்று மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் சிற்றுண்டிச்சாலை நடத்தியவரையும் இதே சட்டத்தில் பிடித்தார்கள். சுவரில் இருந்த படத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அந்த நேரம் நாங்கள் என்ன சொன்னோம்? "எங்கட பெடியள் பயங்கரவாதிகள் இல்லை, படம்தானே" என்று சொன்னோம். அது உண்மையும்கூட.

ஆனால் அதே கிழமைகளில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான முஸ்லிம்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி எங்கள் சுவரொட்டிகளில் ஒரு வரி இல்லை. அதற்கு ஒரு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீமைப் பிடித்தார்கள். காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று, அவர் தமிழில் எழுதி வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. தமிழ்க் கவிதை! எங்கள் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் யாரிடம் கொடுத்திருந்தாலும் ஒரு பின்னேரத்தில் வாசித்து, இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். 2021 டிசம்பர் வரை அவர் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருக்காகச் சில எழுத்தாளர்கள் பேசினார்கள். நான் பேசவில்லை. ஒரு பதிவு எழுதி, வெளியிடாமல் அழித்தேன். என் பெயரும் எங்காவது ஒரு கோப்பில் ஏறிவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். அவன் எங்கள் ஆள் இல்லை என்று உள்ளுக்குள் இருந்த ஒரு கணக்கு மற்றக் காரணம். இரண்டாவதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளெடுத்தது.

தெற்கின் கதையும் இதேதான். 2022 ஓகஸ்ட் 18ஆம் திகதி கொழும்பில் ஆர்ப்பாட்டம் நடந்தபோது அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே கைதானார். கூடவே கல்வெவ சிறிதம்ம தேரரும் இன்னொரு மாணவர் தலைவரும். பாதுகாப்பு அமைச்சரும் தானே என்ற முறையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திட்டார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அப்போது ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ, மக்கள் போராட்டத்தால் நாட்டை விட்டு ஓடியிருந்தார். அவரை ஓட வைத்த பிள்ளைகள்மீதே, வடக்குக்கு என்று செய்த சட்டம் பாய்ந்தது. முதலிகே ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்புப் பிரதான நீதவான் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்.

அந்த நாட்களில் தெற்கில் நான் பார்த்த பதாகைகளில் இருந்த வரிதான் இன்று தம்பியின் சுவரொட்டியில் இருக்கிறது. மாணவர்கள் பயங்கரவாதிகள் அல்ல. அந்த வரி என்னை ஏன் உறுத்துகிறது தெரியுமா? அதற்குள் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. சட்டம் சரிதான், ஆள்தான் மாறிப் பிடித்துவிட்டீர்கள் என்ற வரி. அப்படியென்றால் சரியான ஆள் யார்? தெற்கில் நிற்பவனுக்கு அது வடக்கில் ஒருவன். 2019இல் எங்களுக்கு அது கிழக்கில், முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் ஒருவன். ஒவ்வொருவரும் தன் பிள்ளையை மட்டும் வெளியே இழுத்தெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். கதவு அப்படியே திறந்து கிடக்கிறது, அடுத்தவன் பிள்ளைக்காக.

பொலிஸில் வேலை செய்யும் ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "அப்ப ஈஸ்டர் மாதிரி ஒன்று திரும்ப நடந்தா என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. அன்றைக்கு 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவாலயத்துக்குப் போன குழந்தைகள் இறந்தார்கள். ஆனால் அன்றைக்கும் இந்தச் சட்டம் முழுப் பலத்தோடு இருந்தது, 18 மாதத் தடுப்புக்காவலோடு, 16ஆம் பிரிவோடு. இல்லாமல் போனது சட்டம் இல்லை. தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் பணத்திலிருந்து 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது இந்த அசட்டைக்காகத்தான். குண்டு வைப்பவனைப் பிடிக்க விசாரணை வேண்டும், புலனாய்வு வேண்டும், தடயம் வேண்டும். ஒப்புதல் வாக்குமூலத்தை அடித்து வாங்கலாம் என்ற இடத்தில் இவை எதையும் பழக வேண்டிய தேவையே பொலிஸுக்கு வராது. ஆகவே, உண்மையாகவே குண்டு வைத்தவனாக இருந்தாலும் அவனையும் இந்தச் சட்டத்தில் அடைக்காதே என்றுதான் நான் சொல்வேன். சாதாரண நீதிமன்றத்தில், சாதாரண சாட்சியச் சட்டத்தில் அவனை நிறுத்து.

இதைச் சொல்வது சுலபமில்லை என்று தெரியும். எங்கள் கம்பஸுக்கு அது நன்றாகவே தெரியும். உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகமவும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் அரச படையினர் செய்ததையும் இந்திய இராணுவம் செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே அளவுகோலில் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21ஆம் திகதி, கம்பஸிலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகளே கொன்றார்கள் என்று அவரோடு வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிவில் உரிமை என்று கம்பஸில் பேசத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் முதலில் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. ஆட்சி மாறிவிட்டதே, இனி எதற்குக் கூட்டம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதி வந்தவர்கள்தான் இப்போதைய ஆட்சியாளர்கள், ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி. 71இலும் 87–89இலும் நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சிகளில் தங்கள் தோழர்களைக் கணக்கில்லாமல் இழந்தவர்கள். அவர்களுடைய ஆட்சியில்தான் 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞனை இதே சட்டத்தில் பிடித்து, 90 நாள் உத்தரவும் போட்டார்கள். ஆள் மாறினால் கையெழுத்து மாறும். பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனால் யாராவது எடுக்கத்தான் செய்வார்கள்.

அப்புறம், பழையதை எடுத்துவிட்டுப் புதியது தருகிறோம் என்று சொன்னால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2018இல் ஒரு சட்டமூலம் வந்தது. 2023 மார்ச்சில் இன்னொன்று வர்த்தமானியில் வந்தது. அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமூலம், தடுப்புக்காவல் உத்தரவு போடும் அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து எடுத்து ஒரு பிரதிப் பொலிஸ் மாஅதிபரிடம் கொடுத்தது! நீதவானிடம் கொண்டுபோக வேண்டியதைப் பொலிஸிடமே கொடுத்தார்கள். எந்த வரைபு வந்தாலும் நேராகப் போய்த் தேட வேண்டியது, ஆளை அடைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுவது யார், பேச்சையும் எழுத்தையும் பயங்கரவாதத்தில் சேர்த்திருக்கிறார்களா என்பதைத்தான்.

தம்பி நேற்று இரவு திரும்ப எழுதியிருந்தான். வரியை மாற்றுவதற்கு ஒன்றியத்தில் பாதிப் பேர் சம்மதமாம். மற்றப் பாதி, "எல்லாரையும் சேர்த்தா எங்கட பிரச்சினை கரைஞ்சு போயிடும்" என்கிறார்களாம். அந்தப் பயமும் எனக்கு விளங்குகிறது, 2012இல் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். சனிக்கிழமை பின்னேரம் வந்து பேசச் சொல்லிக் கேட்கிறான். போகிறேன். 9ஆம் பிரிவையும் 16ஆம் பிரிவையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். அஹ்னாப் பற்றி அன்றைக்கு எழுதி அழித்த பதிவைத் திரும்ப எழுதியிருக்கிறேன், முதலில் அதைத்தான் வாசிக்கப் போகிறேன்.