எண்ணெய் விலை விழுந்தபோது நமக்கு என்ன கிடைத்தது?

பொருளாதாரம் மீண்டு எழும்போது முதலில் கல்லா கட்டுவது எண்ணெய்க் கம்பெனிகள்தான். கொரோனாவுக்குப் பிந்தைய கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மே மாதத்தில் எண்ணெயை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் ஓக்லஹோமாவில் குஷிங் என்ற ஊரில் சரக்கை எடுத்தாக வேண்டும். தொட்டிகளிலோ இடமில்லை. அதனால் கைக்காசைக் கொடுத்து அடுத்தவர் தலையில் கட்டினார்கள். அந்த வருடம் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபிலுக்கு 22 பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம். 92 வருடமாக இருந்த டவ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீட்டுப் பட்டியலை விட்டும் வெளியே போனது. எண்ணெயின் காலம் முடிந்தது என்று அப்போது எழுதாதவர்கள் குறைவு.

2022ல் அதே எக்ஸானின் லாபம் 55.7 பில்லியன் டாலர். சவுதி அரசின் எண்ணெய்க் கம்பெனி அராம்கோவுக்கு 161 பில்லியன்!

எல்லாம் உக்ரைன் போரால் வந்தது என்பார்கள். பாதிதான் சரி. போர் தொடங்கும் முன்பே, 2021லேயே, எக்ஸான் 23 பில்லியன் சம்பாதித்துவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் வண்டிகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. எண்ணெய்க் கிணறுகள் அந்த வேகத்தில் வரவில்லை. ஓபெக் ப்ளஸ் என்ற எண்ணெய் ஏற்றுமதிக் கூட்டணி நாடுகள் 2020 மே முதல் உற்பத்தியில் தினமும் 97 லட்சம் பீப்பாயைக் குறைத்தன. அதைத் திரும்பத் திறந்தது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. கடன் வாங்கிக் கண்டபடி துளைபோட்ட அமெரிக்க ஷேல் (பாறை அடுக்கை உடைத்து எண்ணெய் எடுக்கும்) கம்பெனிகளில் வைட்டிங், செசபீக் போன்றவை திவாலாகின. தப்பித்தவை புதுக் கிணற்றில் பணம் போடத் தயங்கின. கடனை அடைத்தன, டிவிடெண்ட் கொடுத்தன, சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்கின. சரக்கு குறைவு, கிராக்கி அதிகம், செலவு கட்டுக்குள். இதைவிட நல்ல காலம் அவர்களுக்கு ஏது? (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் பொருளாதாரத்தை மீட்கும் 'பசுமை மீட்சி' பற்றித் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த 2021ல்தான் உலகின் கார்பன் வெளியேற்றம் 6 சதவீதம் எகிறியது. நிலக்கரிக்கும் அது நல்ல வருடம்.)

என் கோபம் வேறு. விலை விழுந்த பலன் நம் பங்குக்கு வரவே இல்லை. 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு மொத்தம் 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் ஏற்றியது. பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 19.98லிருந்து 32.98 ஆனது. கச்சா எண்ணெய் ஏறியபோது மட்டும் 'சர்வதேச நிலவரம்' வந்துவிட்டது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. தமிழக அரசு ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு தீபாவளிக்கு முந்தைய நாள்தான் மனமிறங்கியது.

2022 ஏப்ரலுக்குப் பிறகு விலையை ஏற்றாமல் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்தைத் தாங்கின, உண்மை. அதற்கும் சேர்த்துத்தான் 2023-24ல் மூன்றும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தன. அந்த வருடம் நமக்குக் கிடைத்த தள்ளுபடி லிட்டருக்கு 2 ரூபாய். அதுவும் 2024 மார்ச்சில், தேர்தல் தேதி அறிவிப்புக்குச் சற்று முன்னால்.