வண்டர்பஸ் கேட்டு வந்த தம்பிக்கு

கொளத்தூரில் கடல் மீன் வளர்க்கிற உப்புத்தண்ணி டேங்க் செட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். போன வாரம் மாதவரத்திலிருந்து ஒரு தம்பி வந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இந்த வண்டர்பஸ் ஆக்டோபஸ் வேணும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல" என்றார். முடியாது என்றேன். முகம் வாடிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காரணம் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாலு வருஷம் முன்னால் வில்லிவாக்கத்தில் நான் செட் பண்ணிய டேங்கில் ஒருத்தர் சின்ன ஆக்டோபஸ் வாங்கி விட்டார். பார்க்கப் போனேன். மூடிமேல் செங்கல் வைத்திருந்தார்கள், அப்படியும் டியூப் போகிற இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து என் விரலைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு உறிஞ்சியாக ஒட்டுவதும் விடுவதும் தெரிந்தது. அதற்கு நாக்கு வேலையையும் அந்த உறிஞ்சிகள்தான் செய்கின்றன, அதன் நரம்பணுக்களில் பெரும்பங்கும் கைகளில்தான் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒன்பதாம் நாள் வெளுத்துப்போய் ஃபில்டர் மூலையில் கிடந்தது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அதே டேங்கில் காப்பர் மருந்து ஊற்றியிருக்கிறார்கள். கல்லில் ஊறின காப்பர் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும், மீன் தாங்கும், ஆக்டோபஸ் தாங்காது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான், கேட்கவில்லை.

அது நம் கடலில் சாதாரணமாகக் கிடைக்கிற வகை. வண்டர்பஸ் அப்படியில்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்து மணல் தரையில் வாழ்கிறது, அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 2006-இல்தான். பொரிந்த குஞ்சு கடலில் மிதந்து திரிந்துதான் வளரும் என்பதால் டேங்கில் வளர்த்தெடுக்க முடிவதில்லை, விற்பனைக்கு வருவது கடலில் பிடித்ததுதான். பெட்டை ஒரே தடவைதான் முட்டையிடும், சாப்பிடாமல் காவல் காத்துவிட்டுச் செத்துப்போகும். அதற்கு முன்னாலேயே பிடித்து பையில் போட்டால் அந்த ஒரு தடவையும் போச்சு. சராசரி ஆக்டோபஸ் வாழ்வதே ஒன்றிரண்டு வருஷம், கப்பல், விமானம், கடை எல்லாம் தாண்டி நம் வீட்டுக்கு வரும்போது மிச்சம் எவ்வளவு இருக்கும்?

"காசிமேட்டில் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்று கூறு போட்டு விற்கிறார்களே, அதைத் தின்கிறோம், இதை வளர்த்தால் தப்பா?" என்று அந்தத் தம்பியே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பேய்க்கணவாயின் விலை எடைக்கு, வண்டர்பஸ்ஸின் விலை அரிதாக இருப்பதற்கு. குறையக் குறைய விலை ஏறும், விலை ஏற ஏற இன்னும் ஒருத்தர் முக்குளிப்பார். அப்புறம் சாப்பாட்டுக்குப் பிடித்தது சீக்கிரம் செத்துவிடுகிறது, வாரக்கணக்கில் கண்ணாடி மூலையில் கிடப்பதில்லை. பிரிட்டன் 2022-இல் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிராகத் தன் சட்டத்தில் சேர்த்தது. என் விரலைப் பிடித்த கையை நினைத்தால் எனக்கு அந்தச் சட்டம்கூடத் தேவையில்லை.

தம்பி, க்ளவுன் மீனை டேங்கிலேயே பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு வா, மூணு அடி டேங்க் நானே வந்து செட் பண்ணித் தருகிறேன். வண்டர்பஸ்ஸுக்கு மட்டும் தர மாட்டேன்.