டிஃப் பணத்தில் பள்ளிக்கூடம்: யார் பணம், யார் கொடை?

சிகாகோவில் ஒரு பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பி, அது டிஃப் (TIF: ஒரு பகுதியில் சொத்து மதிப்பு ஏறுவதால் கூடுகிற வரியை நகரம் தனியே எடுத்துவைக்கிற ஏற்பாடு) நிதியில் கட்டியது என்று அறிவிப்பு வந்தால், நகரமே மனமிரங்கிக் கொடுத்த மாதிரி ஒரு தோரணை அதில் இருக்கும். எனக்கு அதில்தான் எரிச்சல்.

முறை இதுதான். ஒரு பகுதியை நகரம் டிஃப் வட்டாரமாக அறிவிக்கிறது. அன்றைக்கு அங்குள்ள சொத்துகளின் மதிப்பு என்னவோ, அதோடு பள்ளிக்கும் பூங்காவுக்கும் கவுன்ட்டிக்குமான கணக்கு நின்றுவிடும். சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலச் சட்டப்படி இந்த நிறுத்தம் 23 வருடம்; மாநிலச் சட்டமன்றம் சம்மதித்தால் 35 வருடம் வரை இழுக்கலாம். 10 கோடி டாலர் மதிப்பிருந்த இடம் 16 கோடியாக வளர்ந்தாலும் பள்ளியின் கணக்கில் பழைய 10 கோடிதான். கூடின 6 கோடிக்கான வரி முழுவதும் நகரத்தின் தனி நிதிக்குப் போகிறது. பள்ளி வாரியம் வரி விகிதத்தைக் கூட்டி ஈடுகட்டலாம். அதற்கும் உச்சவரம்பு உண்டு, தவிர அந்தச் சுமை ஊர் முழுக்க எல்லோர் பில்லிலும்தான் ஏறும்.

சிகாகோவின் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கு உரியது. அந்தப் பங்கை மடக்கிவைத்து, பிறகு பள்ளிக்கே கட்டடமாகக் கொடுப்பது வெல்லப் பிள்ளையாரைக் கிள்ளி அவருக்கே நைவேத்தியம் செய்வதுதான்.

சரி, மீதிப் பாதி மற்றவர்கள் பணம்தானே, பள்ளிக்கு அந்த வகையில் லாபம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போதைய மேயர் டேலி 2006-ல் சுமார் 100 கோடி டாலர் பள்ளிக் கட்டடத் திட்டத்தை அறிவித்தபோது அதில் பெரும்பகுதி டிஃப் பணம். நல்ல கட்டடங்கள் வந்தன, மறுக்கவில்லை.

ஆனால் எங்கே வருகிறது என்று பாருங்கள். நில மதிப்பு ஏறுகிற இடத்தில்தான் டிஃப் நிதி சேரும். ஒரு வட்டாரத்தின் பணத்தை ஒட்டியிருக்கிற வட்டாரத்துக்கு மட்டுமே மாற்றலாம். டவுன்டவுனை ஒட்டிய ஜோன்ஸ் காலேஜ் பிரெப்புக்கு டிஃப் பணத்தில் புதுக் கட்டடம் 2013-ல் திறந்தது. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிற பள்ளி அது. அதே வருடம் நகரம் சுமார் 50 பள்ளிகளை மூடியது. பெரும்பாலும் தெற்கு, மேற்குப் பகுதிகளில், கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளிகள். கூரை ஒழுகுகிற பள்ளியைச் சுற்றி நில விலை ஏறவில்லை என்றால் அந்தக் கூரைக்கு டிஃப் பணம் எப்படி வரும்?

அப்புறம், இந்தப் பணம் கட்டடத்துக்கு. வகுப்பு எடுக்கிற டீச்சர் சம்பளத்துக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் ஆகாது.

டிஃப் நிதியில் மிஞ்சியதை உபரி என்று நகரம் அறிவிக்கிற பணம் இதைவிடத் தேவலை. அது பழைய பங்கு விகிதப்படி திரும்புகிறது, பாதிக்கு மேல் பள்ளிக்கு வருகிறது, எதற்குச் செலவழிப்பது என்பதை வாரியமே தீர்மானிக்கலாம். ஆனால் எவ்வளவு உபரி என்பது ஒவ்வொரு வருடமும் மேயர், கவுன்சில் கையில். அதை நம்பி எந்த வாரியம் பட்ஜெட் போடும்?

எனக்குச் சரியாகப் படுவது, காலம் முடிந்த வட்டாரங்களை நீட்டிக்காமல் மூடுவது. புதிதாக ஒன்று ஆரம்பித்தால், வளர்ச்சியில் பள்ளியின் பங்கை முதல் நாளே எழுதிவைப்பது. இப்போது டிஃப் திட்டங்களைப் பரிசீலிக்கிற கூட்டு ஆய்வுக் குழுவில் பள்ளிக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் அந்தக் குழுவே திட்டத்தை நிராகரித்தாலும் கவுன்சில் ஐந்தில் மூன்று பங்கு ஓட்டில் நிறைவேற்றிவிடலாம். 2027 ஜனவரியிலிருந்து சிகாகோ பள்ளி வாரியத்தின் 21 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கப் போகிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த நாற்காலிக்கு ஒரு வீட்டோ, அதாவது திட்டத்தைத் தடுக்கிற அதிகாரம்.