‘எல்லா கெப்பாசிட்டரும் மாத்தியாச்சு சார்!’

படம் வளைந்தாலும் கெப்பாசிட்டர். சிவப்பு வராவிட்டாலும் கெப்பாசிட்டர். படமே இல்லையா, அதுக்கும் கெப்பாசிட்டர். பழைய ஆர்கேட் பெட்டியின் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) மானிட்டரை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இந்த முறை மாட்டியது நண்பரின் பேக்-மேன் பெட்டி. 1980-இல் வந்த ஆட்டம். உள்ளே எலெக்ட்ரோஹோம் ஜி07 சேசிஸ், அதாவது மானிட்டரை ஓட்டும் சர்க்யூட் போர்டு. திரை முழுக்க இருட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. கோடு செங்குத்தாக நிற்கிறதா, அப்போ ஹாரிசாண்டல் (பீமைப் பக்கவாட்டில் ஓட்டும் சர்க்யூட்) போச்சு என்று ரிப்பேர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ட்யூபுக்கு ஹைவோல்டேஜ் தரும் ப்ளைபேக் டிரான்ஸ்பார்மரை மாற்றினார்கள். கோடு அசையவில்லை. அதை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றினார்கள். அசையவில்லை. சரி, கெப்பாசிட்டர்தான் என்று போர்டில் இருந்த அத்தனையையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். அப்போதும் அதே கோடு. கடைசியில் “பிக்சர் ட்யூப் வீக் சார், எல்சிடி போட்டுடலாம்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஐயா, பேக்-மேன் பெட்டியில் மானிட்டரையே 90 டிகிரி திருப்பித்தானே மாட்டியிருக்கிறது! தலையைச் சாய்த்துப் பார்த்திருந்தால் போதும், அது படுக்கைக் கோடு. ட்யூபுக்குள் படம் வரையும் எலெக்ட்ரான் பீம் இடமிருந்து வலமாக ஒழுங்காக ஓடுகிறது. மேலும் கீழும்தான் ஓடவில்லை. போனது வெர்ட்டிகல், பீமை மேலும் கீழும் ஓட்டும் பகுதி. ஹாரிசாண்டல் நின்றிருந்தால் ப்ளைபேக்குக்கு வேலையே இல்லை, ஹைவோல்டேஜ் வராது, அந்தக் கோடுகூடத் தெரிந்திருக்காது. ப்ளைபேக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்த சாட்சியே அந்தக் கோடுதான். சாட்சி சொல்ல வந்ததைக் காட்டியே ப்ளைபேக்கைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள்!

சேசிஸைக் கழற்றித் திருப்பி, யோக் (பீமை வளைக்கும் காந்தச் சுருள்) ஒயர் வந்து சேரும் கனெக்டர் பின்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றி மயிரிழை அளவுக்கு வட்டமாக விரிசல். டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காமல் விட்டுப்போன இணைப்பு. பின்னை லேசாகத் தள்ளினால் ஈயத்துக்குள் அது மட்டும் தனியாக ஆடுகிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். படம் முழுத் திரைக்கும் விரிந்தது. அவ்வளவுதான் வேலை.

அவர்கள் செய்துவைத்த வேலையை நினைத்தால்தான் மனசு ஆறவே இல்லை. கெப்பாசிட்டரைப் பிடுங்கிய வேகத்தில் போர்டில் செம்புத் தடம் உரிந்து தொங்குகிறது. ஜி07-க்கு பி பிளஸ் (சேசிஸை ஓட்டும் முக்கிய டிசி சப்ளை) 120 வோல்ட். மீட்டர் வைக்காமலே அதை அமைக்கும் பிரிசெட் திருகைத் திருகி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றினால் ஹைவோல்டேஜும் சேர்ந்து ஏறும் என்ற பயம் வேண்டாமா? எல்லாவற்றையும்விடக் கொடுமை, கோட்டை முழு வெளிச்சத்தில் எரியவிட்டே வேலை பார்த்திருக்கிறார்கள். மொத்த பீமும் ஒரே இடத்தில் அடித்தால் திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகாதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரீன் கண்ட்ரோலை முதலிலேயே குறைத்திருக்க வேண்டும். இப்போது ட்யூபின் நடுவில் நிரந்தரத் தழும்பு. அதை எந்த சால்டரும் சரிசெய்யாது.

கெப்பாசிட்டர் வயசானால் கெடும், யார் இல்லை என்றது? படம் அலையலையாக ஆடினால் முதலில் நானும் அதைத்தான் சந்தேகப்படுவேன். ஆனால் சிவப்பு வரவில்லை என்றால், சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் மானிட்டர் பக்கம் இடம் மாற்றிப் பாருங்கள். திரையில் இப்போது சிவப்பு வந்து பச்சை காணாமல் போனால் கோளாறு கேம் போர்டிலோ வயரிங்கிலோ இருக்கிறது. அப்போதும் சிவப்பே வராவிட்டால் மானிட்டரில். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. இதைக்கூடச் செய்யாமல் நேராக சால்டரிங் அயனை எடுப்பவர்களை என்ன சொல்வது?

அப்புறம், கழற்றிய பழைய ப்ளைபேக்கைத் திருப்பிக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரிஜினல் ப்ளைபேக் அது. யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?