புலியின் ரத்தத்தைத் துடைத்தது யார்?

கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' பற்றிப் பேச்சு வந்தாலே, சொல்லாமல் போன காதல் என்று முடித்துவிடுகிறார்கள். 1989இல் புக்கர் பரிசு வாங்கிய ஆங்கில நாவல். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் வேலை பார்க்கும் பட்லர் ஸ்டீவன்ஸும் ஹவுஸ்கீப்பர் மிஸ் கென்டனும் மனதில் இருப்பதைச் சொல்லாமலே பிரிவது உருக்கமானதுதான். ஆனால் பங்களாக்களைச் சுற்றி வளர்ந்த நீலகிரிக்காரர்கள் கண்ணில் வேறொன்றும் பட வேண்டும்.

ஸ்டீவன்ஸின் அப்பாவும் பட்லர். அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று நாவலில் வருகிறது. இந்தியாவில் ஒரு துரை வீடு. அவரோடு வந்த ஆங்கிலேய பட்லர் சாப்பாட்டு அறைக்குள் போனால், மேஜைக்கு அடியில் புலி படுத்திருக்கிறது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, விருந்தாளிகளோடு டீ குடித்துக்கொண்டிருக்கும் துரையின் காதில் போய், துப்பாக்கியை எடுக்கலாமா என்று கேட்கிறார். சில நிமிடங்களில் வெடிச் சத்தம். அப்புறம் டீயோடு திரும்பி வந்து, இரவுச் சாப்பாடு வழக்கமான நேரத்துக்கே, அதற்குள் நடந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது என்கிறார். அப்பாவுக்கு இதுதான் தொழிலின் உச்சம். மகனுக்கும் அதுவே வேதம்.

என்னால் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. செத்த புலியை வெளியே இழுத்துப் போட்டது யார்? தரையில் கிடந்த ரத்தத்தைக் கழுவியது யார்? ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக இருந்தபோது துரைமார் தனியாகவா மலை ஏறினார்கள்? சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர் என்று ஒரு கூட்டமே கூட ஏறியது. அப்படிப்பட்ட ஆட்கள் அந்தப் புலிச் சம்பவத்தில் ஒருவர்கூடக் கண்ணில் படுவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம்.

என் பெரியப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட முதல் பந்தியில் உட்கார மாட்டார். சுவரோரம் நின்று யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பெரியம்மா கூப்பிட்டால், "இருக்கட்டும், எல்லாரும் சாப்பிடட்டும்" என்பார். எவ்வளவு பணிவு என்று ஊரே மெச்சியது. அவருக்குப் பசிக்குமே என்று யாரும் கேட்டதில்லை.

நாவலில் 1923இல் அந்தப் பிரபுவின் மாளிகையில் ஒரு மாநாடு நடக்கிறது. கீழே பெரிய மனிதர்கள் ஐரோப்பாவின் தலையெழுத்தைப் பேசுகிறார்கள், மாடியில் ஒரு சின்ன அறையில் ஸ்டீவன்ஸின் அப்பா சாகிறார். கண்ணை மூடிவிடுவதுகூட மிஸ் கென்டன்தான். தாமதமாக வந்த டாக்டரை, கால்வலியில் இருக்கும் பிரெஞ்சு விருந்தாளியைப் பார்க்கக் கூட்டிப்போகிறார் மகன். அந்த இரவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று பல வருடம் கழித்தும் சொல்கிறார். படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். அதைப் பெருமை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்தான் அதிகம்.

பிறகு, யூதர்கள் என்பதற்காக இரண்டு வேலைக்காரப் பெண்களை வெளியேற்றச் சொல்கிறார் பிரபு. ஸ்டீவன்ஸ் வாய் திறக்காமல் அனுப்புகிறார். தனக்கும் அது வேதனையாக இருந்ததென்று ஒரு வருடம் போன பிறகு சொன்னால் யாருக்கு என்ன லாபம்? 1956இல் கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் உடைந்துபோகிறார். பிரபு செய்த தவறுகளாவது பிரபுவுக்குச் சொந்தம், தனக்கு அதுகூட இல்லை என்கிறார். வாழ்நாள் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி இதுதானா?

குன்னூரில் இன்று எத்தனையோ பங்களாக்கள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. அந்தக் காலத்து விசுவாசமான வேலைக்காரர்கள் இப்போது கிடைப்பதில்லை என்று விருந்தினர்கள் முன்னால் அலுத்துக்கொள்ளும் உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் அவுட்ஹவுஸில் இருக்கும் கேர்டேக்கர் குடும்பத்துக்கு வார விடுமுறை உண்டா என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007இலேயே நலவாரியம் வந்துவிட்டது. வீட்டு வேலையும் மற்ற வேலைகளைப் போன்ற வேலைதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இந்த நாவலைச் சேர்ந்து படிக்க யாருக்காவது விருப்பம் இருந்தால் சொல்லுங்கள். பங்களாக்களில் வேலை செய்தவர்கள், செய்பவர்கள் அவசியம் வர வேண்டும். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், அத்தியாயம் அத்தியாயமாக நான் தமிழில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைக்காதவர்கள் எந்த நாள் தோதுப்படும் என்று எழுதுங்கள், அந்த நாளிலேயே வைத்துக்கொள்ளலாம்.